மாதவிலக்கு நின்று பத்து வருஷமாச்சு, இன்னும் எந்த ஹார்மோனைக் குறைக்க மாத்திரை?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 61. ஓய்வு பெற்ற ஆசிரியை. மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வருடம் இடது மார்பில் 1.8 சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரிந்து, மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றினார்கள். அக்குளில் எடுத்துப் பார்த்த நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 90 சதவீதம் பாசிட்டிவ், ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ் என்று ரிப்போர்ட். கட்டியில் ஒரு மரபணுப் பரிசோதனை செய்துவிட்டு, கீமோ வேண்டாம் என்றார்கள். ரேடியேஷன் முடிந்ததும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், தினமும் ஒன்று, ஐந்து வருடம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எட்டு மாதம் ஒருநாள் விடாமல் போட்டேன். மூன்றாம் மாதத்திலேயே விரல்கள் விறைக்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை மடங்காது, பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி கிழவி மாதிரி நடக்கிறேன். போன மாதம் ஒருநாள் அந்த மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கக்கூட கட்டைவிரலில் பலம் இல்லை. அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நிறுத்தியவள்தான், மூன்று வாரமாகப் போடவில்லை. வலி பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாது. சொன்னால் திட்டுவார்கள்.

கட்டியை எடுத்தாயிற்று, ஸ்கேனில் ஒன்றும் இல்லை, கீமோகூட வேண்டாம் என்கிற அளவுக்குச் சின்ன நோய். மாதவிலக்கே நின்றுபோன உடம்பில் எந்த ஹார்மோனைக் குறைக்க இந்த மாத்திரை? இது எலும்பையும் அரிக்கும் என்கிறார்கள். இராத்திரியில் குப்பென்று வியர்க்கிறது, இன்னும் சில சங்கடங்களும் உண்டு. நான் செய்தது தப்பா? எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும். காலையில் எழுதுகிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதல் பக்கத்தில் கோணலாக இருந்த எழுத்து, இரண்டாம் பக்கத்தின் பாதியில் நேராகிவிட்டது. எழுத எழுத விரல் இளகியிருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் ஒரு நல்ல தகவலைக் கடிதத்தில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த மூன்று வாரம். தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த வகை மாத்திரையை ஐந்து வருடம் முழுக்கப் போட்டு முடிப்பவர்களைவிட, நடுவில் விட்டவர்களையும் விட்டு விட்டுப் போடுபவர்களையும்தான் நாங்கள் நிறையப் பார்க்கிறோமோ என்று சில நாட்களில் தோன்றும். அவ்வளவு சகஜம். மூன்று வார இடைவெளியால் குடி முழுகிவிடாது. எட்டு மாதம் போட்டது வீணாகவும் இல்லை. நீங்கள் செய்ததில் எனக்கு ஒப்புதல் இல்லாத ஒரே விஷயம், சொல்லாமல் இருப்பது.

அதிலும் பாதிப் பழி எங்களுடையது. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஒரு பெண்மணி இதே புகாரோடு வந்தார். "வயசானா மூட்டு வலிக்கத்தானேம்மா செய்யும்" என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்தடுத்த முறை வந்தபோதெல்லாம் "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டேன், "போடறேன்" என்றார். ஒரு வருடம் கழித்து அவர் மகள்தான் சொன்னாள், அம்மா மாத்திரையைத் தொட்டே பல மாதம் ஆகிறது, வாங்கி வந்து அலமாரியில் அடுக்கி வைக்கிறார் என்று. அவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட விதம் அப்படி. அதன்பிறகு "போடுறீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "ஒரு வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது?" என்றுதான் கேட்கிறேன். உண்மை உடனே வந்துவிடுகிறது.

சரி, உங்கள் முக்கியக் கேள்விக்கு வருவோம். மாதவிலக்கு நின்ற உடம்பில் ஹார்மோன் எங்கே?

ஆறு வற்றினாலும் மணலைத் தோண்டினால் ஊற்று இருக்கும் அல்லவா, அதுபோலத்தான். மாதவிலக்கு இருக்கும் வரை ஈஸ்ட்ரோஜனின் பெரும்பகுதி சினைப்பையிலிருந்து வருகிறது. அது நின்றதும் ஆறு வற்றிவிடுகிறது. ஆனால் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களை எந்த வயதிலும் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும். பெண் உடம்பிலும்தான். கொழுப்பு, தசை, தோல், மார்பகத் திசு ஆகியவற்றில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, அந்த ஆண்ட்ரோஜனைப் பிடித்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. ரத்தத்தில் பார்த்தால் மிகக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் மார்பகத் திசுவுக்குள் அது பல மடங்கு அதிகமாக இருக்கலாம். உடம்பில் கொழுப்பு கூடினால் அரோமடேஸும் கூடும். மாதவிலக்கு நின்றபின் எடை ஏறுவது மார்பகப் புற்றுநோய்க்குச் சாதகமாகிப்போவதற்கு இது ஒரு காரணம்.

உங்கள் கட்டியின் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, இந்த ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை வைத்திருந்தன. அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. லெட்ரோசோல் செய்வது ஒரே வேலை: அரோமடேஸின் கையைக் கட்டிப்போடுவது. அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம், எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராம் ஆகியவையும் இதே குடும்பம். மூன்றுமே இந்த மாற்றத்தை 95 சதவீதத்துக்கும் மேல் நிறுத்திவிடும். டமாக்சிஃபென் வேறு வழி. அது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்காது, செல்லின் ஏற்பியில் தான் போய் உட்கார்ந்து இடத்தை மறிக்கும். சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு லெட்ரோசோலை மட்டும் கொடுத்தால் பலன் இல்லை, ஆற்றில் வெள்ளம் ஓடும்போது ஊற்றை அடைத்து என்ன பயன்? அதனால்தான் இது மாதவிலக்கு நின்றவர்களின் மாத்திரை. உங்களுக்கு மாதவிலக்கு இல்லை என்பது இதைத் தவிர்க்கக் காரணம் அல்ல. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அதுதான்.

ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் சுருங்கும் என்பது நேற்று வந்த யோசனை இல்லை. 1896இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணின் சினைப்பைகளை அகற்றி, கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. அரோமடேஸை மட்டும் குறிவைக்கும் மருந்துக்கு வழி திறந்தவர் ஏஞ்சலா பிராடி என்ற பெண் விஞ்ஞானி. அதற்கு முன்பெல்லாம் இதே வேலைக்கு அட்ரீனல் சுரப்பியையே அறுத்து எடுத்திருக்கிறார்கள். உங்கள் அட்டையில் இருக்கும் குட்டி மாத்திரை அந்தக் கத்திக்கு மாற்றாக வந்தது என்று நினைத்துப் பாருங்கள். விரல் வலிக்கு இது ஆறுதல் இல்லைதான்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் ஸ்கேனுக்குக் கண் பார்வை குறைவு. சில மில்லிமீட்டராவது திரண்டால்தான் அதற்குத் தெரியும். ரத்தத்தோடு போய் எலும்பிலோ வேறெங்கோ ஒதுங்கிக் கிடக்கும் சில ஆயிரம் செல்கள் எந்த ஸ்கேனிலும் வராது. ஹார்மோன் ஏற்பி உள்ள நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது பொறுமைசாலி. ஐந்து வருடம் ஹார்மோன் சிகிச்சை எடுத்து நிறுத்திய 62,923 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 2 சென்டிமீட்டருக்குள் கட்டி, நெறியில் நோய் இல்லை, அதாவது உங்களைப் போன்றவர்கள். அவர்களிலும் 5ஆம் வருடத்திலிருந்து 20ஆம் வருடத்துக்குள் 13 சதவீதம் பேருக்கு உடம்பின் வேறு பாகத்தில் நோய் தலைகாட்டியது. அவர்கள் முந்தைய தலைமுறைச் சிகிச்சை பெற்றவர்கள், இன்றைக்குக் கணக்கு இன்னும் நன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பயமுறுத்த இதை எழுதவில்லை. "சின்ன நோய்" என்பது "முடிந்துபோன நோய்" ஆகிவிடாது என்று காட்டத்தான்.

கீமோ வேண்டாம் என்றதை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்: கீமோவே வேண்டாம் என்றால் மாத்திரை சும்மா ஒரு துணைக்கு. உண்மை தலைகீழ். அந்த மரபணுப் பரிசோதனை சொன்னது, இந்த நோய்க்குக் கீமோவால் பெரிய பலன் இல்லை, ஹார்மோன் மாத்திரையே போதும் என்று. கீமோ இல்லாமல் உங்களை வீட்டுக்கு அனுப்பிய முடிவே இந்த மாத்திரையை நம்பி எடுத்ததுதான். அதையும் நிறுத்தினால் உடம்பு முழுவதற்குமான சிகிச்சை என்று கையில் ஒன்றுமே மிஞ்சாது. ரேடியேஷன் அந்த மார்புக்கு மட்டும்தான்.

எவ்வளவு பலன்? ஐந்து வருடம் டமாக்சிஃபென் எடுத்தால், எடுக்காதவர்களோடு ஒப்பிட, 15 வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்த டமாக்சிஃபெனைவிட உங்கள் மாத்திரை வகை இன்னும் ஒரு படி மேல். மாதவிலக்கு நின்ற 31,920 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். பத்து வருடத்தில் இந்நோயால் இறந்தவர்கள் டமாக்சிஃபென் எடுத்தவர்களில் 14.2 சதவீதம், அரோமடேஸ் தடுப்பு மாத்திரை எடுத்தவர்களில் 12.1 சதவீதம். இரண்டுக்கும் நடுவே இருப்பது 2 சதவீதம்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். இவை எல்லா நிலை நோயாளிகளும் கலந்த கணக்கு. உங்கள் ஒருவருக்கான எண் என்ன என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். வயது, கட்டியின் அளவு, பரிசோதனை மதிப்பெண் எல்லாம் போட்டால் அவரால் ஓரளவு சொல்ல முடியும்.

இப்போது விரல்கள்.

இந்த வலி கற்பனை இல்லை, வயதும் இல்லை. இந்த மாத்திரை எடுப்பவர்களில் பாதிப் பேர் வரை ஏதோ ஒரு அளவில் மூட்டு வலியோ விறைப்போ சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் மூட்டுகளுக்கும் தசைநாண்களுக்கும் ஏதோ ஒரு விதத்தில் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறது. அதைத் திடீரென்று வழித்து எடுத்தால் கிறீச்சிடுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி அரை வருடம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் மோசம், அசைய அசைய இளகும். இரண்டாம் பக்கத்தில் நேரான உங்கள் எழுத்து சொன்ன தகவல் இதுதான். மாத்திரையை நிறுத்தியதும் வலி பாதியானது இன்னொரு சாட்சி. நீங்கள் குற்றமாக நினைத்து மறைக்கிற அந்த மூன்று வாரம், உங்கள் டாக்டருக்கு ஒரு பரிசோதனை முடிவு மாதிரி. எந்த ரத்தப் பரிசோதனையும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கட்டைவிரலில் பலம் போனதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால்தான் சரியாகிறதா? அப்படியென்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். இந்த மாத்திரையில் அதுவும் வரும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினாலே பலருக்குக் குறைகிறது. விரல் மடங்கி மாட்டிக்கொண்டு "டக்" என்று விடுகிறதா என்பதையும் கவனியுங்கள். இது மட்டும் வேறு: ஒரே ஒரு இடத்தில், உதாரணமாக முதுகெலும்பிலோ இடுப்பிலோ, அசைத்தாலும் இளகாமல், நாளுக்கு நாள் கூடுகிற, தூக்கத்தில் எழுப்புகிற வலி என்றால் மாத்திரை மேல் பழி போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே காட்டுங்கள்.

என்ன செய்யலாம்? வலிக்கு வைட்டமின் டி குறைவு, தைராய்டு, வாத நோய் ஏதாவது கூட்டு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். அதன்பிறகு, நீங்கள் நம்ப மாட்டீர்கள், இருப்பதிலேயே நல்ல மருந்து உடற்பயிற்சி. வலிக்கிற உடம்பை அசைக்கச் சொல்கிறாளே என்று கோபம் வரும், வரட்டும். இதே வலியோடு இதே வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 121 பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாதியினர் வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும், வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போன்றதும் செய்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய மிக மோசமான வலியின் அளவு 29 சதவீதம் குறைந்தது. செய்யாதவர்களுக்குக் குறையவில்லை. நீங்கள் முதல் நாளே 150 நிமிடத்துக்குப் போக வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு கையையும் முக்கி, ஐந்து நிமிடம் விரல்களை மடக்கி விரியுங்கள். பிரஷ்ஷை அதற்குப் பிறகு தொடலாம். அக்குளில் நெறி எடுத்த கை என்பதால், எடை தூக்கும் பயிற்சியை முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை சில நாளைக்கு உதவும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். டூலக்செடின் என்று ஒரு மருந்து உண்டு. மனச்சோர்வுக்கு வந்தது, இந்த மூட்டு வலிக்கும் கேட்பதாகச் சோதனையில் தெரிந்திருக்கிறது. அதை எழுதித் தந்தால் "எனக்கென்ன மனநோயா" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்குபஞ்சர் ஊசியிலும் சிலருக்கு வலி குறைகிறது, பழகிய கையாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால் ஆளை மாற்றலாம். ஒரே குடும்பம் என்றாலும் மூன்று மாத்திரையும் எல்லோரையும் ஒரே மாதிரி படுத்துவதில்லை. அனஸ்ட்ரோசோல் தாங்காமல் நிறுத்திய பெண்களுக்கு ஒரு மாத இடைவெளி விட்டு லெட்ரோசோல் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 10இல் 7 பேர் ஆறு மாதம் கழித்தும் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அது தலைகீழாக, லெட்ரோசோலிலிருந்து மற்றொன்றுக்கு. ஒரு மாத இடைவெளியில் முக்கால் பங்கை நீங்களாகவே எடுத்து முடித்துவிட்டீர்கள்! இதை ஒரு வசதியாகவே பார்க்கலாம். எக்ஸிமெஸ்டேன் தந்தால் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. மற்ற இரண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அதுவும் ஒத்துவராவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது. மேலே மனதில் வைக்கச் சொன்ன 2 சதவீதம் இங்கேதான் வருகிறது. உங்களைப் போன்ற ஆரம்ப நிலைக்கு அந்த வித்தியாசம் இன்னும் சிறியதாகவே இருக்கும். ஒழுங்காகப் போட முடிகிற இரண்டாவது மாத்திரை, அலமாரியில் தூங்குகிற முதல் மாத்திரையைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. டமாக்சிஃபெனுக்கும் குணங்கள் உண்டு. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், கருப்பை உள்சவ்வில் புற்றுநோய் அபூர்வமாக வரலாம். முன் சொன்ன 31,920 பேர் கணக்கில், பத்து வருடத்தில் இந்தக் கருப்பைப் புற்றுநோய் வந்தது டமாக்சிஃபெனில் 1.2 சதவீதம், உங்கள் மாத்திரை வகையில் 0.4. முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எந்த மாத்திரையில் இருந்தாலும் இந்த வயதில் ஒரு சொட்டு உதிரப்போக்கு கண்டாலும் உடனே காட்டணும்.

"விட்டு விட்டுப் போடலாமா?" என்று அடுத்த கேள்வி உங்கள் மனதில் இருக்கும். 4, 5 வருடம் ஹார்மோன் சிகிச்சை முடித்தவர்களுக்கு, அதற்கு மேல் நீட்டிக்கும்போது, வருடத்துக்கு 3 மாதம் லெட்ரோசோலை நிறுத்தி வைத்தால் பாதகமில்லை என்று ஒரு பெரிய ஆய்வு உண்டு. ஆனால் அது முடிவில் இருப்பவர்களின் சலுகை. நீங்கள் முதல் வருடத்தில் இருக்கிறீர்கள்.

எலும்பு. அரிக்கும் என்று கேள்விப்பட்டது உண்மை, ஆனால் இது பார்த்துக்கொண்டே இருந்து தடுக்கக்கூடிய அரிப்பு. மாதவிலக்கு நின்றபின் எல்லோருக்குமே வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் எலும்பு தேயும். இந்த மாத்திரையில் அது இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ போகும். ஐந்து வருடத்தில் எலும்பு முறிந்தவர்கள் டமாக்சிஃபெனில் 5.5 சதவீதம், இதில் 8.2 சதவீதம். மாத்திரை தொடங்கும்போதே, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, எடுக்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறேன். படுத்துக்கொண்டு சில நிமிடம், ஊசி கிடையாது. டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்மான நோய். மைனஸ் 2 என்றாலே இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு மருந்து யோசிப்போம். சாப்பாட்டையும் சேர்த்து நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம், 800 முதல் 1000 யூனிட் வைட்டமின் டி. அதற்கு மேல் தேவைப்பட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசி மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு இந்த மருந்து வகை எலும்பில் நோய் திரும்புவதையும் ஓரளவு குறைக்கிறது என்பதால், எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஊசிக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிடுங்கள், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறச் சிரமப்படலாம். டெனோசுமாப் என்று வேறொரு ஊசி தந்தால், அதைப் பாதியில் சொல்லாமல் கொள்ளாமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முதுகெலும்பு பொசுக்கென்று நொறுங்கியவர்கள் உண்டு.

இராத்திரி வியர்வைக்கு, தாங்க முடியாத அளவில் இருந்தால், ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லாஃபாக்சின், கபாபென்டின் என்ற பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். மாதவிலக்குத் தொல்லைக்கென்று விற்கும் மூலிகை கேப்சூல், சோயா சத்து மாத்திரை, பெயர் தெரியாத சத்துப்பொடி எதையும் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள். ஒரு பக்கம் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க மாத்திரை போட்டுவிட்டு, இன்னொரு பக்கம் அதன் ஒன்றுவிட்ட தங்கையை வீட்டுக்குள் விடுவானேன்?

"இன்னும் சில சங்கடங்களும் உண்டு" என்று நாலு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அது என்னவென்று என்னால் ஊகிக்க முடியும். இந்த மாத்திரையில் பிறப்புறுப்பு வறண்டு எரியும், சிறுநீர் போகும்போது கடுக்கும், கணவரோடு சேர்வது தண்டனை மாதிரி ஆகிவிடும். இதை எந்தப் பெண்ணும் தானாகச் சொல்வதில்லை, எந்த டாக்டரும் கேட்பதில்லை. ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்லை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தேவைப்படும் நாளில் மட்டும் என்றில்லாமல் வழக்கமாகவே, பயன்படுத்த வேண்டும். உறவின்போது தண்ணீர் கலந்த வழுவழுப்பு ஜெல் தனி. ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமை மட்டும் மகப்பேறு மருத்துவரே எழுதித் தந்தாலும், புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். டமாக்சிஃபென் எடுப்பவர்களைவிட உங்கள் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதில் எச்சரிக்கை அதிகம் தேவை. உங்கள் டாக்டர் ஆண் என்றால் அங்குள்ள நர்ஸிடம் சொல்லுங்கள். இதே கதையை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

மாத்திரை ஒருநாள் மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். காலையோ இரவோ, தினமும் ஒரே நேரம் என்றால் மறக்காது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறலாம், வருடாந்தர ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா வழியையும் முயன்றபின், "இந்த வலியோடு நாலேகால் வருடம் வேண்டாம்" என்று நீங்கள் முடிவெடுத்தால்? அது உங்கள் உரிமை, நான் மரியாதை கொடுப்பேன். உங்களுக்கான எண் சிறியது என்று தெரிந்து, மூன்று மாத்திரையும் டமாக்சிஃபெனும் போட்டுப் பார்த்து, நிறுத்தியவர்கள் என்னிடமும் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்து நிறுத்தினார்கள். நீங்கள் இன்னும் ஒரு மாத்திரையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போன் செய்து பாருங்கள். உள்ளே போனதும் எப்படித் தொடங்குவது என்று தடுமாறினால் இப்படிச் சொல்லுங்கள்: "கை வலி தாங்காம மாத்திரையை இத்தனாம் தேதி நிறுத்தினேன் டாக்டர், நிறுத்தினதும் பாதி குறைஞ்சிருக்கு. வேற மாத்திரைக்கு மாறலாமா, டெக்ஸா எடுக்கணுமா?" முப்பது வருடம் பிள்ளைகளிடம் உண்மையை வரவழைத்தவருக்கு இது கஷ்டமில்லை. வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள், அவரும் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள், மிச்சம் இருப்பது அத்தனையும் அப்படியே அதில் இருக்கட்டும்.